அமெரிக்காவில் மாணவர்கள் குறைந்த பிறகும் பள்ளிகளை மூடுவதைப் பெற்றோர் ஏன் இவ்வளவு எதிர்க்கிறார்கள்?

நான் இருப்பது சியாட்டிலை ஒட்டிய ஒரு சிறு நகரத்தில். வந்து பதினோரு வருஷம் ஆகிறது. 2024-ல் சியாட்டில் பள்ளி நிர்வாகம் அறிவித்துவிட்டுப் பின்வாங்கிய பள்ளி மூடல் திட்டத்தைப் பார்த்துத்தான் கேட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், கையில் காசும் இல்லை, காற்றாடும் கட்டடங்களை மூடினால் என்ன? நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரிலும் ஒரு பட்டியல் வந்து, அதில் மகள் படிக்கும் பள்ளியின் பெயரும் இருந்த பிறகுதான் விஷயத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

இங்கே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது நம் ஊர்க் கல்வி மாவட்டம் போல அரசுத் துறையின் கிளை அல்ல. தனி அமைப்பு. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் போர்டு, அந்த போர்டு வேலைக்கு வைக்கும் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டென்ட், சொத்து வரியில் அதற்கென்று ஒரு பங்கு. போர்டு கூட்டத்தில் யாரும் பெயர் கொடுத்துப் பேசலாம். அதனால்தான் இங்கே பள்ளிக்கூடச் சண்டை எல்லாம் மைக் முன்னால் நடக்கிறது.

சியாட்டில் கதை இது. 1960-களில் அங்கே அரசுப் பள்ளிகளில் ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகள் படித்தார்கள். 2019-ல் 53,000 சொச்சம், கொரோனாவுக்குப் பிறகு 50,000-க்கும் கீழே. மாநில அரசு பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்றுதான் பணம் தருகிறது. தலை குறைந்தால் பணம் குறையும். ஆனால் 200 பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கும் ஒரு பிரின்சிபல், ஆபீசுக்கு ஓர் ஆள், கூரை, ஹீட்டர் எல்லாம் முழுசாகவே வேண்டும். 2025-26 கல்வியாண்டில் சுமார் 9.4 கோடி டாலர் துண்டு விழும் என்றார்கள். 2024 செப்டம்பரில் சூப்பரின்டெண்டென்ட் பிரென்ட் ஜோன்ஸ் இரண்டு யோசனைகளை வெளியிட்டார். ஒன்றில் 21 பள்ளிகள் காலி, இன்னொன்றில் 17. பெற்றோர் கொதித்தார்கள். ஒரு மாதத்துக்குள் 21 என்பது ஐந்தாக இறங்கியது. அக்டோபர் கடைசியில் நாலு: நார்த் பீச், சாக்கஜவேயா, சனிஸ்லோ, ஸ்டீவன்ஸ். நவம்பர் 25 அன்று அந்த நாலும் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இந்த இறங்குமுகத்திலேயே இருக்கிறது. நாலு பள்ளிகளை மூடினால் மிச்சமாகும் என்று சொன்ன தொகை ஏறக்குறைய 27 லட்சம் டாலர். 9.4 கோடிப் பள்ளத்துக்கு 27 லட்சம்! யானைப் பசிக்குச் சோளப்பொரி. பள்ளியை மூடினாலும் ஆசிரியர்களும் பிள்ளைகளும் பக்கத்துப் பள்ளிக்குத்தானே போகப் போகிறார்கள்? மிச்சமாவது ஆபீஸ் செலவும் பராமரிப்பும்தான். இதற்காகவா எங்கள் பள்ளியை மூடுகிறீர்கள் என்று கேட்டதற்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

இன்னொன்று, ஊருக்கு ஞாபகசக்தி உண்டு. 2009-லும் இதே போல் பிள்ளைகள் குறைகிறார்கள் என்று ஐந்து கட்டடங்களை மூட போர்டு வாக்களித்தது. அடுத்த ஓரிரு வருஷத்தில் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். 2007-ல் மூடிய வியூலாண்ட்ஸ் பள்ளியை 2011-ல் மறுபடி திறக்க வேண்டியிருந்தது. முன்னால் மூடிக் கிடந்த இன்னும் சிலவற்றையும் செலவு செய்து திறந்தார்கள். 'இந்த முறை கணக்கு சரி' என்று அதே நிர்வாகம் சொன்னால் யார் நம்புவார்கள்? பக்கத்து பெல்வியூவில் 2023-ல் மூட முடிவெடுத்த இரண்டு ஆரம்பப் பள்ளிகளில் ஒன்றான வில்பர்டன், 2018-ல்தான் புதுசாகத் திறந்த கட்டடம்.

இனி எங்கள் ஊர். கூட்டத்தைப் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்தார்கள். முட்டி மார்பில் இடிக்கும் குழந்தைகள் பெஞ்சில் இருநூறு பெரியவர்கள். திரையில் ஒரு வரைபடம், ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு வட்டம், பக்கத்தில் 'கொள்ளளவில் 58 சதவீதம்' என்பது போல ஓர் எண். எங்கள் பள்ளி வட்டம் சிவப்பு. சுவரெல்லாம் சார்ட் பேப்பர். கையில் ஆளுக்கு நாலு பச்சைப் பொட்டு ஸ்டிக்கர் கொடுத்து, 'உங்களுக்கு முக்கியமான விழுமியத்தின் மேல் ஒட்டுங்கள்' என்றார்கள். சமத்துவம், பாதுகாப்பு, சிக்கனம், இப்படி. பள்ளியை மூடலாமா வேண்டாமா என்று எந்தச் சார்ட்டிலும் இல்லை. எனக்கு முன்னால் நின்ற ஒரு வியட்நாமியப் பாட்டி நாலு பொட்டையும் திரையில் இருந்த எங்கள் பள்ளி மேலேயே ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அந்த 58 சதவீதம் எப்படி வந்தது என்று ஓர் ஆசிரியை எழுந்து விளக்கினார். சிறப்புத் தேவையுள்ள எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு முழு வகுப்பறை. பேச்சுப் பயிற்சிக்கு ஓர் அறை, இசைக்கு ஓர் அறை. சாதாரண வகுப்பாக ஓடினால் இத்தனை பேர் உட்காரலாம் என்று போட்ட கணக்கில் இவை எல்லாம் காலி இடம். நாள் முழுக்க நிரம்பி வழியும் அறைகள், காகிதத்தில் மட்டும் காலி.

என் பிரச்சினை அதைவிடச் சின்னது. மகளை இப்போது எட்டு நிமிஷத்தில் நடத்திக் கூட்டிப் போகிறேன். மாற்றிவிடும் பள்ளி 0.9 மைல். ஒரு மைலுக்குள் இருந்தால் பஸ் கிடையாது. ஆனால் அந்த 0.9 காக்கை பறக்கும் தூரம். நடுவில் மரமடர்ந்த ஒரு பள்ளம் இருக்கிறது. அதைச் சுற்றி, நாலு வழிச் சாலையைக் கடந்து போனால் 1.3 மைல். நவம்பரில் இங்கே நாலரைக்கே இருட்டிவிடும், மழை வேறு. இதைச் சொல்லத்தான் மைக் முன்னால் போய் நின்றேன். எனக்குத் தந்த இரண்டு நிமிஷத்தில் ஒன்றரை நிமிஷம் திட்டத்துக்காக உழைத்தவர்களுக்கு நன்றி சொல்வதிலேயே போய்விட்டது. நம் வளர்ப்பு அப்படி.

இத்தனைக்கும் நடுவில் ஊரில் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்ததுதான் பலருக்கு எரிச்சல். செலவுக்குப் பணம் இல்லை என்று பள்ளியை மூடுகிறவர்கள், இன்னொரு பக்கம் 500 பிள்ளைகளுக்கு மாடிக் கட்டடம் எழுப்புகிறார்கள். இதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. கட்டடத்துக்கென்று மக்கள் தனியாக ஓட்டுப் போட்டுத் தரும் வரியை ஆசிரியர் சம்பளத்துக்குத் தொட முடியாது, சட்டம் அப்படி. ஆனால் பெரிய பள்ளியைக் கட்டிவிட்டால் அதை நிரப்பச் சின்னப் பள்ளிகள் காலியாக வேண்டும் அல்லவா? மூடும் பட்டியல் வருவதற்குப் பல வருஷம் முன்பே கட்டடத் திட்டம் அதை முடிவு செய்துவிட்டது என்ற சந்தேகம் சியாட்டிலிலும் இருந்தது, இங்கும் இருந்தது.

எதிர்ப்பவர்கள் சொல்வதெல்லாம் நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் முதல் நாள் வந்த முதல் கேள்வி 'ரேட்டிங் குறைந்த பள்ளிக்கு மாற்றினால் வீட்டு விலை என்ன ஆகும்' என்பதுதான். சியாட்டிலின் கடற்கரைப் பகுதியான ஆல்கையில் பழைய பள்ளியை இடித்துப் பெரிதாகக் கட்டியபோது, வண்டி நிறுத்த இடம் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் மேல்முறையீடு செய்து திட்டத்தைத் தாமதப்படுத்தினார்கள். தாமதத்தின் செலவும் அதே வரிப்பணம்தான். கூட்டத்துக்கு வந்து கத்த நேரம் உள்ளவர்கள் வசதியான பகுதிப் பெற்றோர். இரவு ஷிப்டில் இருக்கும் தாயின் பள்ளிக்காக யார் பேசுவது? மூடாமல் விட்டதால் பட்ஜெட்டில் விழுந்த அந்தத் துண்டு காணாமல் போகவும் இல்லை. நூலகரும், பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் பள்ளிக் கவுன்சிலரும்தான் குறைவார்கள். இதை எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நானும் அன்று மைக்கில் சொல்லவில்லை.

ஆனாலும் இந்த மக்களைக் கட்டடத்துக்கே எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். மூடல் திட்டம் கைவிடப்பட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2025 பிப்ரவரியில் சியாட்டிலில் 180 கோடி டாலர் கட்டட வரி வாக்கெடுப்புக்கு வந்தது. நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தது. எங்கள் ஊர்ப் பட்டியல் இன்னும் 'மறு ஆய்வில்' இருக்கிறது. வியட்நாமியப் பாட்டியின் பேரன் என் மகள் வகுப்புதான். பொட்டு ஒட்டிய திரையை மறுநாள் பார்த்தேன், அப்படியே இருந்தது. சுரண்டினால் திரை கிழிந்துவிடும் என்று காவலாளி விட்டுவிட்டாராம்.