கனடா டாலர் சரிந்தால் டாம்பா அணிக்கு ஏன் கையைக் கடிக்கிறது?

கேள்வி: கனடா டாலர் விழுந்தால் அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணிகளின் சம்பள உச்சவரம்பும் அடிவாங்கும் என்கிறார்களே, எப்படி? கொரோனா காலத்தில் வரம்பு நகராமல் நின்றதும் இதனால்தானா?

பதில்: அமெரிக்க, கனடா அணிகள் ஆடும் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்., ஒரு அணி வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கான வரம்பை 2005-இல் கொண்டுவந்தபோதே அதை வருமானத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டது. வீரர் சங்கத்துடனான 2013 ஒப்பந்தப்படி ஹாக்கி வருமானத்தில் சரிபாதி வீரர்களுக்கு. அதில் காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றைக் கழித்து, அணிகளின் எண்ணிக்கையால் (இப்போது 32) வகுத்தால் நடுப்புள்ளி கிடைக்கும். அதைவிட 15% கூடுதல் உச்சவரம்பு. 15% குறைவு, ஒவ்வொரு அணியும் செலவழித்தே ஆகவேண்டிய அடிமட்டம். 2025-26-இல் உச்சம் 9.55 கோடி அமெரிக்க டாலர், அடிமட்டம் 7.06 கோடி.

கனடாவின் 7 அணிகள் டிக்கெட் விற்பது கனடா டாலரில். லீக் கணக்குப் பார்ப்பதோ அமெரிக்க டாலரில். 20 கோடி கனடா டாலர் வசூல், இரண்டும் சமமாக இருந்தால் 20 கோடிதான். கனடா டாலர் 72 அமெரிக்க சென்ட்டுக்கு இறங்கினால் 14.4 கோடி. அரங்கில் ஒரு இருக்கைகூடக் காலியில்லை, ஆனாலும் பொதுப்பானையில் 5.6 கோடி குறைகிறது. பானை ஒன்று என்பதால் அமெரிக்க அணியான டாம்பாவின் வரம்பும் அதற்கேற்ப இறங்கும். கனடா அணிகளுக்கு இரட்டை அடி: சம்பளத்தையும் அமெரிக்க டாலரில்தான் தரவேண்டும். அதே 72 சென்ட் கணக்கில் 9.55 கோடி அவர்களுக்கு 13.26 கோடி கனடா டாலர்.

கொரோனா கதை வேறு. அங்கே விழுந்தது நாணயமல்ல, டிக்கெட் வசூல். ஒப்பந்தச் சம்பளம் அப்படியே நிற்க, வருமானம் சரிந்ததால் வீரர்கள் பாதிக்கு மேல் வாங்கியவர்களாகி, உரிமையாளர்களுக்குக் கடன்பட்டார்கள். அதனால் 2019-20 முதல் 2021-22 வரை வரம்பு 8.15 கோடியிலேயே நின்றது. அடுத்த இரண்டு சீசனில் தலா 10 லட்சம்தான் ஏறியது.

பலரும் கவனிக்காதது எஸ்க்ரோ பிடித்தம். பெரும்பாலான அணிகள் நடுப்புள்ளிக்கு மேலேயே செலவழிப்பதால், நல்ல ஆண்டில்கூட மொத்தச் சம்பளம் பாதியைத் தாண்டக்கூடும். அதற்காக வீரர்களின் சம்பளத்தில் முன்கூட்டியே ஒரு பங்கைப் பிடித்துவைத்து, கணக்கு முடிந்தபின் மிச்சத்தைத் திருப்புவார்கள். 2020-21-இல் 100 டாலருக்கு 20 டாலர் போனது. பிறகு படிப்படியாக 6% ஆனது.

2026-27-க்கு 10.4 கோடி, 2027-28-க்கு 11.35 கோடி என்று 2025 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார்கள். சிறு திருத்தம் வரலாம், அவ்வளவே. ஆகவே இந்தச் சீசன்களில் கனடா டாலர் ஆட்டம் கண்டால், முதலில் பார்க்கவேண்டியது வரம்பை அல்ல, எஸ்க்ரோவை.