எழுந்தால் இருளும் திரை

அன்புள்ள ஐயா,

நான் மொழிபெயர்ப்பாளன். நாள் முழுக்கத் திரை முன்னால்தான் வேலை. போன மாதம் 4கே மானிட்டர் ஒன்று வாங்கினேன். அதோடு வந்த எச்டிஎம்ஐ கேபிள் கணினி வரை எட்டவில்லை. அதனால் பத்து வருடமாக வீட்டில் கிடந்த 5 மீட்டர் கேபிளை மாட்டினேன். அன்றிலிருந்து இரண்டு தொல்லை. கறுப்பான இடங்களில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்குகின்றன. அவ்வப்போது திரை இரண்டு விநாடி இருண்டு மீண்டும் வருகிறது. தங்க முலாம் பூசிய நல்ல கேபிளாக வாங்கு, படமும் பளிச்சென்று இருக்கும் என்கிறார் நண்பர். கேபிள் மின்கம்பிகளோடு பின்னிக் கிடப்பதுதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட இருண்டுவிடுகிறது, மானிட்டருக்கு உங்களைப் பிரிய மனமில்லை என்று வீட்டில் கேலி வேறு. என்ன வாங்கட்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடிதத்தின் முக்கியமான வரியைக் கேலியாக எழுதிவிட்டீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் புள்ளிகள்.

4கே படத்தை 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 தடவை புதுப்பித்துக் காட்ட, ஒரு விநாடிக்கு 59.4 கோடி பிக்சல்கள் கேபிளில் ஓட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஓரப் பகுதியும் இதில் சேர்த்தி. ஒரு பிக்சலுக்கு 24 பிட், அதாவது 24 பூஜ்யமோ ஒன்றோ. எச்டிஎம்ஐ 2.0 முறையில் ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக மாற்றி அனுப்பப்படுகிறது. பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 17.82 ஜிகாபிட். அந்த முறையின் உச்சவரம்பு 18. மூச்சுவிட இடமில்லை. உங்கள் பழைய கேபிளோ பெரும்பாலும் 10.2 ஜிகாபிட் காலத்தது. அதுவும் 5 மீட்டர். நீளம் கூடக் கூட சிக்னல் தேயும். தேய்ந்த சிக்னலில் பூஜ்யமா ஒன்றா என்று மானிட்டர் தப்பாகப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளி மினுக்கும்.

உறுதிசெய்துகொள்ள ஒரு பைசா செலவில்லை. டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸை 30 ஆக்குங்கள். தேவை 8.91 ஜிகாபிட்டாக இறங்கிவிடும். புள்ளிகள் மறைந்தால் கேபிள்தான் குற்றவாளி. மவுஸ் தத்தித் தத்தி நகரும், பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்கும்போது '2.0 கேபிள்', '2.1 கேபிள்' என்று அட்டையில் இருப்பதை நம்ப வேண்டாம். அந்த எண்கள் கருவிகளுக்கு உரியவை. கேபிளுக்கு இருப்பது தரப்பெயர்: 18 ஜிகாபிட்டுக்குச் சோதித்தது 'பிரீமியம் ஹை ஸ்பீடு', 48-க்குச் சோதித்தது 'அல்ட்ரா ஹை ஸ்பீடு'. போனில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் முத்திரை பெட்டியில் இருக்கும். உங்களுக்கு முதலாவதே போதும். கணினியைக் கொஞ்சம் நகர்த்தி 2 மீட்டரில் முடிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

தங்க முலாம் துருவைத் தடுக்கும், அவ்வளவுதான். டிஜிட்டல் கேபிளால் படத்தைப் பளிச்சென்று ஆக்க முடியாது. போய்ச் சேர்ந்தால் அதே படம், சேராவிட்டால் புள்ளியும் இருட்டும். உங்கள் நண்பரைக் குறை சொல்லவும் மாட்டேன். 1987-இல் வந்த விஜிஏ என்ற பழைய திரை இணைப்பு அனலாக், பூஜ்யம் ஒன்று கிடையாது, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமே படம். அதில் கேபிள் மட்டமானால் படமும் மட்டம். அந்தக் காலத்தில் எனக்கு ஒவ்வொரு எழுத்தின் வலப்பக்கத்திலும் ஒரு நிழல் தெரிந்தது. கண்தான் கெட்டுவிட்டது என்று பயந்து பரிசோதனைக்கே போனேன். கண்ணில் ஒன்றுமில்லை. கேபிள் எட்டவில்லை என்று நடுவில் நானே செருகிய மலிவான நீட்டிப்பு வயர், சிக்னலில் ஒரு பகுதியை எதிரொலி போலத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ஆக நாம் இருவரும் ஒரே ஜாதி, எட்டாத கேபிளால் கெட்டவர்கள்.

மின்கம்பி பற்றிய சந்தேகத்தை விட்டுவிடலாம். எச்டிஎம்ஐயில் படத்தின் ஒவ்வொரு தகவலும் முறுக்கிய இரட்டைக் கம்பியில், ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகிறது. மானிட்டர் எடுத்துக்கொள்வது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவு ஏறுவதால் கழிந்துபோகும்.

ஆனால் திடீரென்று வெடிக்கும் இரைச்சல் வேறு விஷயம். இப்போது அந்தக் கேலிக்கு வருவோம். நீங்கள் உட்கார்ந்திருப்பது நெம்புகோலை இழுத்தால் ஏறி இறங்கும் கேஸ் நாற்காலிதானே? அதிலிருந்து எழும்போதும் உட்காரும்போதும் நிலைமின்சாரம் பொறியாக வெளியேறும். அதன் மின்காந்த அலையை வீடியோ கேபிள் ஏரியல் மாதிரி பிடித்துக்கொள்ளும். மானிட்டர் ஒரு கணம் சிக்னலைத் தொலைத்துவிட்டு, மறுபடி கணினியோடு கைகுலுக்கி ஒத்துப்போக இரண்டு விநாடி ஆகும். நான் கதை அளக்கவில்லை. கணினியோடு திரைகளை யுஎஸ்பி வழியே இணைக்கும் தொழில்நுட்பம் செய்யும் டிஸ்ப்ளேலிங்க் தன் உதவிப் பக்கத்திலேயே இதை எழுதி வைத்திருக்கிறது. ஏற்கெனவே விளிம்பில் ஓடும் உங்கள் கேபிளுக்கு இந்தச் சின்னத் தட்டே போதும்.

புதுக் கேபிளோடு இதுவும் நின்றுவிட வாய்ப்பு அதிகம். நிற்காவிட்டால் கேபிளின் மானிட்டர் முனை அருகே இந்த இரைச்சலை அடக்கும் ஃபெரைட் கிளிப் ஒன்றைக் கவ்வ வையுங்கள். பழைய கேபிள்களில் குண்டாக ஒரு உருளை இருக்குமே, அதேதான். கேபிளை நாற்காலியை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

கணினியில் எச்டிஎம்ஐ போன்ற இன்னொரு இணைப்பான டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதையும் முயலலாம். 1.2 பதிப்பே 4கே 60-க்குத் தாங்கும். அதிலும் சான்று பெற்ற கேபிள் வேண்டும். மட்டமான சிலவற்றில் மின்சாரத்துக்கான 20-ஆம் பின்னை இரு முனைக்கும் இணைத்துவிடுவார்கள். மானிட்டரின் மின்சாரம் கணினிக்குள் திரும்பி ஏறி, கணினி கிளம்பவே அடம்பிடிக்கலாம்.

நாற்காலியைச் சோதிக்கும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எழுந்து உட்கார வேண்டியது நீங்கள், திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது கேலி செய்தவர். முடிவை எழுதுங்கள்.

அன்புடன்,
கே.