பட்டியலில் பெயர், படத்தில் எண்: எஸ்-21 சிறை ஆவணங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கம்போடியாவில் கெமர் ரூஜ் புரட்சி அரசு 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை ஆட்சி செய்தது. தலைநகர் நோம் பென்னில் அது நடத்திய எஸ்-21 சிறையில் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் எப்படித் தொகுக்கப்பட்டன என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சில இங்கே.

கொன்றவர்களே எழுதிய பதிவேடுகளை வைத்துச் செத்தவர்கள் கணக்கு எழுதுவது சரியா? அவர்கள் ஏன்தான் இவ்வளவு எழுதிவைத்தார்கள்?
– கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி

மேலிடத்துக்குக் கணக்குக் காட்டத்தான். எஸ்-21 ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது; இன்று அது துவோல் ஸ்லெங் அருங்காட்சியகம். மூன்று மாடிக் கட்டடங்கள், வகுப்பறைக்குள் செங்கல் தடுப்பு வைத்த அறைகள். அதன் தலைவர் டுச் எனும் காயிங் குவெக் எவ், முன்பு கணக்கு வாத்தியார். அவருக்கு மேலே முதலில் பாதுகாப்பு அமைச்சர் சொன் சென், 1977 ஆகஸ்டிலிருந்து கட்சியின் இரண்டாம் நிலைத் தலைவர் நுவோன் சியா. ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்குள் சதி நடக்கிறது என்று தலைமை நம்பியது. அந்தச் சதிக்கு ஆள், தொடர்பு, வாக்குமூலம் எல்லாவற்றையும் காகிதத்தில் கொண்டுவந்து கொடுப்பதுதான் சிறையின் வேலை. அதனால்தான் வந்தவுடன் ஒரு தன்விவரத் தாள், ஒரு படம், பிறகு அன்றாட இருப்புக் கணக்கு, விசாரணைத் தாள்கள், கடைசியில் கொல்லப்பட்டவர்கள் பட்டியல் என்று அடுக்கடுக்காக எழுதினார்கள். வியட்நாம் படை நகருக்குள் வந்த அன்றே டுச் ஓடிவிட்டார். காகிதம் அப்படியே கிடந்தது.

நம்பகத்தன்மையை மொத்தமாக எடைபோட முடியாது. எந்தத் தாள், அதில் எந்தக் கட்டம் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கைதி எந்தத் தேதியில் வந்தார், எந்தப் படைப்பிரிவிலிருந்து அல்லது அலுவலகத்திலிருந்து அனுப்பினார்கள், எந்தத் தேதியில் ‘நொறுக்கப்பட்டார்’ (கொலைக்குப் பட்டியல்களில் அவர்கள் எழுதிய சொல் அதுதான்) என்பவை சிறையின் உள்நிர்வாகக் கணக்கு. அதில் பொய் எழுதி அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கைதி என்ன குற்றம் செய்தார் என்ற கட்டம் அப்படியே குப்பை. ஒரே தாளில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும் என்பதுதான் சிக்கல்.

ஓரிடத்தில் 14,000 என்கிறார்கள், இன்னோரிடத்தில் 20,000. நீதிமன்றம் 12,272 என்றது, பிறகு 15,101 என்கிறார்கள். எது சரி?
– வாசகி, ஈரோடு

நான்கும் நான்கு வேறு கேள்விக்கு விடை. 14,000 என்பது ஆய்வாளர்கள் நெடுநாள் பயன்படுத்திவந்த மதிப்பீடு. 20,000 என்பது பதிவாகாதவர்களையும் சேர்த்துச் சொல்லும் மேல்வரம்பு. 12,272 என்பது, ஐ.நா. உதவியோடு இயங்கிய சிறப்பு நீதிமன்றம் 2010 ஜூலை 26-ல் டுச்சுக்கு அளித்த தீர்ப்பில், ‘இதற்குக் குறையாது’ என்று ஏற்றுக்கொண்ட எண். பின்னர் விசாரணை நீதிபதிகளின் அலுவலகம் கூடுதல் ஆவணங்களைச் சேர்த்து ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுத் தொகுத்த கைதிகள் பட்டியலில் 15,101 பேர் வந்தார்கள்.

கூட்டினால் தப்பு வரும், கழித்தாலும் தப்பு வரும். ஒரே ஆள் வருகைப் பட்டியலில் இருப்பார், இருப்புக் கணக்கில் இருப்பார், மருத்துவப் பிரிவுக்கு அனுப்பிய தாளில் இருப்பார், கொல்லப்பட்டவர்கள் பட்டியலிலும் இருப்பார். அத்தனை தாளையும் கூட்டினால் ஒருவர் நான்கு பேராகிவிடுவார். மாறாக, கணவனோடு பிடித்துவந்த மனைவியும் பிள்ளைகளும் பல நேரம் எந்தத் தாளிலும் ஏறவில்லை. லாரியில் வந்து பதிவே செய்யாமல் நேராகக் கொலைக்களத்துக்குப் போனவர்களும் உண்டு. சில மாதங்களின் தாள்கள் கிடைக்கவேயில்லை. ஆகவே எந்த எண்ணை எழுதினாலும் ‘பெயரோடு உறுதியானவர்கள்’ என்றோ ‘மதிப்பீடு’ என்றோ பக்கத்தில் ஒரு சொல் வைத்துவிடுங்கள். எண் மாறுவதைக் காட்டி ‘எல்லாம் கட்டுக்கதை’ என்று கிளம்புகிறவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும்.

நானும் நண்பர்களும் இதுபோன்ற பெயர்த் தொகுப்பு ஒன்றை எக்செல்லில் செய்ய முயல்கிறோம். எத்தனை கட்டங்கள் வைப்பது? ஒரே ஆள் இருமுறை வருவதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– முதுகலை மாணவர், புதுச்சேரி

முதலில் ஒரு திருத்தம். ஒரு வரிசைக்கு ஓர் ஆள் என்று தொடங்காதீர்கள். ஓர் ஆவணத்தில் ஒருவர் பெயர் ஒருமுறை வந்தால் அது எக்செல்லின் முதல் தாளில் ஒரு வரிசை. ஆட்களுக்கு எக்செல்லில் இரண்டாம் தாள். முதல் தாளின் எந்தெந்த வரிசைகள் ஒரே ஆள் என்று முடிவு செய்த பிறகுதான் இரண்டாம் தாளில் அவருக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். தொடக்கத்திலேயே இரண்டு வரிசைகளை ஒன்றாக்கி ஒன்றை அழித்துவிட்டால், பின்னால் அவர்கள் அண்ணன் தம்பி என்று தெரியவரும்போது பிரிக்க வழியிருக்காது.

முதல் தாளில் இவை போதும்: ஆவண எண், பக்கம், வரி, ஆவணத்தில் உள்ளபடியே பெயர், நீங்கள் சீராக்கிய பெயர், மாற்றுப் பெயர், பால், வயது, பிறந்த ஊர், வேலை அல்லது பிரிவு, கைதான தேதி, சிறைக்கு வந்த தேதி, கொல்லப்பட்ட தேதி, உள்ளிட்டவர் யார், சரிபார்த்தவர் யார். ‘உள்ளபடியே’ என்ற கட்டத்தில் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தக் கூடாது. ஒரே பக்கத்தை இருவர் ஒருவருக்கொருவர் பாராமல் உள்ளிட்டு, வேறுபடும் கட்டங்களை மட்டும் மூன்றாமவர் மூலத்தோடு ஒப்பிடட்டும். வேலை இரட்டிப்பாகும்தான், ஆனால் தேதியில் 1-ம் 7-ம் மாறுவது இதில்தான் பிடிபடும்.

பெயர்தான் பெரிய தலைவலி. கம்போடியர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவார்கள். வெளிநாட்டுப் பட்டியல்களில் அது முன்பின்னாகிவிடும். இயக்கத்தில் சேர்ந்தவர்களுக்குப் புரட்சிப் பெயர் தனி. காயிங் குவெக் எவ் இயக்கத்தில் டுச், 1999-ல் கண்டுபிடிக்கப்பட்டபோது ஹாங் பின் என்ற பெயரில் வாழ்ந்துகொண்டிருந்தார். கொன்றவருக்கே மூன்று பெயர் என்றால் கைதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அதோடு, ஆங்கில எழுத்தில் ஒரே கெமர் பெயரை ஒருவர் ஒருவிதமாக எழுதுவார். கெமர் எழுத்து பல்லவ எழுத்தின் வழிவந்ததுதான், ஆனால் அந்த உறவை நம்பி மூலத்தைப் படிக்கலாம் என்று இறங்கிவிடாதீர்கள். கெமர் தெரிந்த ஒருவர் இல்லாமல் இந்த வேலையே தொடங்கக் கூடாது.

ஆகவே பெயரை மட்டும் வைத்து இருவரை ஒருவராக்காதீர்கள். பெயர், பிரிவு, சிறைக்கு வந்த தேதி மூன்றும் ஒத்தால் ‘உறுதி’. இரண்டு ஒத்தால் ‘சாத்தியம்’ என்று மட்டும் குறித்து அப்படியே விடுங்கள். வயதில் ஓரிரு வருட வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். அங்கே பிறந்த வருடத்தை எலி, மாடு, புலி என்று பன்னிரண்டு விலங்குகளின் சுழற்சியில் சொல்வது வழக்கம். முதியவர்கள் விஷயத்தில் சரியாக 12 வருடம் தள்ளிப்போயிருந்தால் சுழற்சியைத் தப்பாக எண்ணிவிட்டார்களா என்று பாருங்கள்.

ஊருக்கு மூன்று கட்டம் வேண்டும். கெமர் ரூஜ் ஆட்சியில் பழைய மாகாணங்களைக் கலைத்து, நாட்டை மண்டலங்களாகவும், மண்டலத்தை எண்ணிட்ட வட்டாரங்களாகவும் பிரித்துவிட்டார்கள். 1975-க்கு முந்தைய மாகாணம், அந்த ஆட்சியின் மண்டலமும் வட்டார எண்ணும், இன்றைய மாகாணம் என்று தனித்தனியாக எழுதுங்கள். இதை ஒழுங்காகச் செய்துவிட்டுத் தேதிவாரியாக வரிசைப்படுத்தினால் அரசியலே தெரியும். 1978 மே 27 அன்று ஒரே நாளில் 582 பேரைக் கொன்றதாகப் பட்டியல் இருக்கிறது. கிழக்கு மண்டலத்தைக் கட்சித் தலைமை வேரோடு களையெடுத்த நேரம் அது.

அந்தப் புகைப்படங்களில் நெஞ்சில் எண் மட்டும் இருக்கிறது. எண்ணை வைத்துப் பெயரைக் கண்டுபிடிக்க முடியாதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பெரும்பாலும் முடியாது. அந்த எண் கைதிக்கு நிரந்தரமாகக் கொடுத்ததல்ல. அன்றைக்கு அல்லது அந்தத் தொகுதியில் படமெடுத்த வரிசை, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ‘17’ என்ற சீட்டோடு பல முகங்கள் இருக்கலாம். படம் முதலில் தன்விவரத் தாளில் ஒட்டப்பட்டிருந்தது. 1979-க்குப் பிறகு நிறையத் தாள்கள் படத்திலிருந்து பிரிந்துபோயின, நெகட்டிவ்கள் தனியாகக் கிடந்தன. 1990-களின் தொடக்கத்தில் வெளிநாட்டுப் புகைப்படக்காரர்கள் சிலர் ஏறத்தாழ 6,000 நெகட்டிவ்களைச் சுத்தம் செய்து மறுபடி அச்சிட்டார்கள். முகங்கள் பிழைத்தன, பெயர்கள் ஒட்டவில்லை. 1978-ல் எடுத்தவை சிலவற்றில் பலகையில் தேதியும் இருக்கிறது. அங்கே அன்றைய வருகைப் பட்டியலோடு ஒப்பிட இடமுண்டு. மற்றவற்றுக்கு, அருங்காட்சியகத்துக்கு வரும் உறவினர் அடையாளம் சொன்னால்தான் வழி.

அப்படி அடையாளம் கேட்கும்போது ஒரே ஒரு படத்தைக் காட்டி ‘இவரா?’ என்று கேட்பது கூடாது. முதலில் வயது, தழும்பு, பிடித்துப்போன மாதம், வேலை எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு அந்தக் காலப் படங்களை மொத்தமாகப் பார்க்க விட வேண்டும். நாற்பது வருடம் தேடியவருக்கு ஏதாவது ஒரு முகம் தம்பியாகத் தெரிந்துவிடும்.

இன்னொன்று: இந்தப் படங்களுக்கு வண்ணம் ஏற்றலாமா என்று வேறு இரு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். 2021-ல் ஒருவர் வண்ணமேற்றியதோடு சில முகங்களில் புன்னகையையும் சேர்த்துவிட்டார். ஓர் இணைய இதழ் அதை வெளியிட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் நீக்கியது. ஆவணத்தின் மேல் கை வைத்தால் அது ஆவணமல்ல.

சித்திரவதையில் வாங்கிய வாக்குமூலத்தை ஆதாரமாக எடுக்கலாமா?
– வழக்கறிஞர், சென்னை

உள்ளே சொல்லப்பட்டதை உண்மையென்று எடுக்க முடியாது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் 15-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. வாக்குமூலம் வாங்கப்பட்டது என்பதற்கு ஆதாரமாக, சித்திரவதை செய்தவர் மீது மட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்று அதே பிரிவு விலக்கும் தருகிறது.

4,000-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் மிஞ்சியிருக்கின்றன. சி.ஐ.ஏ., கே.ஜி.பி. இரண்டுக்கும் ஒருசேர வேலை பார்த்ததாக, அந்தப் பெயர்களையே கேள்விப்பட்டிராத கிராமத்து ஆட்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஓரத்தைப் பாருங்கள். எந்த இடத்தில் மறுபடி விசாரிக்க வேண்டும், யாரை இன்னும் அடிக்க வேண்டும், நகல் யாருக்குப் போக வேண்டும் என்று டுச் கைப்பட எழுதிய குறிப்புகள் அங்கேதான் இருக்கின்றன. அந்த ஓரக் குறிப்பு கைதி சொன்னதல்ல, அதிகாரி சொன்னது. உத்தரவு எங்கிருந்து எங்கே போனது என்பதை நிறுவ அது உதவியது. டுச்சுக்கு முதலில் 35 ஆண்டு, 2012 மேல்முறையீட்டில் ஆயுள்.

உங்கள் தொகுப்பில் வாக்குமூலத்தில் வரும் ‘கூட்டாளிகள்’ பெயரைக் கொல்லப்பட்டோர் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அதில் பலர் அப்போது பிடிபடவேயில்லை. வலி தாங்காமல் சொன்ன பெயர்கள் அவை.

உயிர் பிழைத்தவர்கள் 7 பேர்தானே?
– வாசகர், வேலூர்

1979-லிருந்து அப்படிப் பரவிவிட்டது. அதற்குப் பிறகு குழந்தைகள் உட்பட மேலும் சிலர் தெரியவந்தார்கள். ஒருவர் 2009-ல் நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். தொடக்க வருடங்களில் விடுவிக்கப்பட்ட சிலரும் பட்டியல்களில் இருக்கிறார்கள். எனவே எஸ்-21-ல் பெயர் இருப்பதாலேயே ‘கொல்லப்பட்டார்’ என்று எழுதக் கூடாது. அதற்கென்று தனித் தாள் அல்லது தேதி வேண்டும்.

புதைகுழிகளை எப்படி எண்ணுகிறார்கள்? எல்லாவற்றையும் தோண்டினார்களா?
– வாசகி, யாழ்ப்பாணம்

எஸ்-21 கைதிகள் பெரும்பாலோரைக் கொன்ற சியுங் ஏக், நோம் பென்னிலிருந்து சுமார் 15 கி.மீ. அங்கே 129 குழிகள். 1980-ல் 86 குழிகளைத் தோண்டியதில் 8,985 பேரின் எச்சங்கள் கிடைத்தன. மீதிக் குழிகளைத் தொடவில்லை. மழைக்காலம் முடிந்ததும் இன்றும் எலும்புத் துண்டும் துணியும் மேலே வரும். அங்குள்ள ஸ்தூபியில் மண்டையோடுகளில் சிறு வண்ணப் புள்ளி ஒட்டியிருப்பார்கள். எந்த ஆயுதத்தால் அடி விழுந்தது, ஆணா பெண்ணா, வயது என்ன என்று பரிசோதித்து வைத்த குறி அது.

நாடு முழுவதும் கணக்கெடுத்தது கம்போடிய ஆவண மையம். 1995-ல் யேல் பல்கலைக்கழகத் திட்டத்தின் கிளையாகத் தொடங்கி, 1997-ல் தனி அமைப்பானது. ஜி.பி.எஸ். கருவியோடு ஊர் ஊராகப் போய், அங்கிருந்தவர்களைக் கேட்டு, கிட்டத்தட்ட 20,000 குழிகளையும் 200-ஐ ஒட்டிய சிறைகளையும் குறித்தார்கள். பெரும்பாலும் தோண்டவில்லை. குழியின் பள்ளத்தையும் ஊரார் சொல்லையும் வைத்துக் குறித்ததுதான். இதில் தவறு நேரக் காரணம் பல. ஆட்சி விழுந்த கையோடு தங்கம் கிடைக்குமா என்று நிறையக் குழிகளை ஊராரே கிளறிவிட்டார்கள், பிறகு வயலாக உழுதுவிட்டார்கள். குழி எண்ணிக்கையை ‘ஒரு குழிக்கு இத்தனை பேர்’ என்று பெருக்கி மொத்தச் சாவு சொல்லும் கட்டுரைகளை நம்ப வேண்டாம். அந்த ஆட்சியில் பசி, நோய், கொலை எல்லாம் சேர்த்து 17 முதல் 22 லட்சம் பேர் செத்தார்கள் என்பது மக்கள்தொகைக் கணக்கிலிருந்து வந்தது, குழியிலிருந்து அல்ல.

கைதிகளில் இந்தியர்கள் இருந்தார்களா? உறவினரைத் தேட என்ன செய்வது?
– வாசகர், காரைக்கால்

இருந்தார்கள். வெளிநாட்டவர்களில் வியட்நாமியரே அதிகம். அதற்கு அடுத்துத் தாய்லாந்து, லாவோஸ், இந்தியா, பாகிஸ்தான், சில மேற்கத்தியர். தேடுவதானால் துவோல் ஸ்லெங் அருங்காட்சியகத்துக்கும் ஆவண மையத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டும் வைத்திருக்கும் தாள்கள் ஒன்றல்ல. முழுப் பெயர், வீட்டில் அழைத்த பெயர், தகப்பனார் பெயர், 1975-ல் எந்த ஊரில் என்ன தொழில், கடைசியாகக் கடிதம் வந்த மாதம், இருந்தால் அந்தக் கால நேர்முகப் படம் ஒன்று. படத்தை 600 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் செய்து நகலை மட்டும் அனுப்புங்கள், மூலம் உங்களிடமே இருக்கட்டும். நம் பெயர்களைக் கெமர் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஆகவே பெயரை எழுதிக் காட்டுவதோடு, சொல்லிப் பதிவு செய்த ஒலிக்கோப்பு ஒன்றையும் சேர்த்து அனுப்பினால் தேடுபவருக்கு உதவும்.