நாடகத்தைப் பார்க்காமல் அதன் பாடல் பதிவை மட்டும் கேட்டு ரசிக்க முடியுமா?

சேலத்தில் இருந்துகொண்டு, நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் இசை நாடகம் நடிப்பவர்கள் பாடிய ஒலிப்பதிவை மட்டும் கேட்டால் கதை புரியுமா என்று கேட்கிறீர்கள். நாடகத்தைப் பொறுத்தது. ‘ஹாமில்டன்’ (2015) ஏறக்குறைய முழுக்கப் பாட்டாலேயே நகர்வது. ஒரு சிறு காட்சியைத் தவிர எல்லாம் பதிவில் உண்டு. வசனமும் நடனமும் மிகுந்த ‘ஓக்லஹோமா!’ (1943) அப்படியல்ல, கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டே கேளுங்கள்.

பாடல்களின் வரிசையைக் கலைக்காதீர்கள். நாயகன் தன் ஆசையைச் சொல்லும் பாட்டு பெரும்பாலும் தொடக்கத்திலேயே வரும். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று தன்னைப் பாடி அறிமுகப்படுத்துவாரே, ஏறத்தாழ அந்த வேலைதான். அந்த மெட்டு பிற்பாதியில் தோல்வியின்போது வேறு வேகத்தில் திரும்பும், ரசனையே அங்கேதான். ஏற்காடு பஸ்ஸில் மட்டும் வேண்டாம்: 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஹாரன்தான் நாயகன்.