எக்ஸ்ரேயில் தெரியாத இடுப்பு வலி

கேள்வி: எனக்கு 52 வயது. மியான்மரின் மோல்மீனில் இட்லிக்கடை நடத்துகிறேன். 2024இல் கட்டாயப் படைச்சேவை அறிவிப்பு வந்ததும் மகன் தாய்லாந்துக்குப் போய்விட்டான். அதன் பிறகு இடுப்பும் தோளும் ஓயாமல் வலிக்கின்றன. விடியுமுன் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கின்றன. டாக்டர் 'மனச்சோர்வு' என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார், நான் வாங்கவில்லை. வெற்றிலைக் கடைப் பொட்டல மருந்துக்குத்தான் வலி கேட்கிறது. என் வலி பொய்யா? மகனிடம் சொல்லலாமா?

பதில்: சகோதரி, உங்கள் வலி பொய்யில்லை, டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். காலும் நோகிறது, மனமும் நோகிறது என்று நாம் ஒரே சொல்லைப் புழங்குவதில் உண்மை இருக்கிறது. உடலிலிருந்து வரும் வலிச் செய்தியை மூளை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கும் நரம்புகள், செரட்டோனின், நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள்களின் துணையோடு, அதை வழியிலேயே தணிக்கின்றன. மனச்சோர்வில் இந்தத் தணிப்பு தளர்ந்துவிடுவதாகவே மருத்துவர்கள் கருதுகிறார்கள். அதனால்தான் நாள் முழுவதும் அடுப்படியில் நின்ற இடுப்பின் வழக்கமான அலுப்பும் தாங்க முடியாத வலியாகிறது. தூக்கம் கெடுவது அதை இன்னும் கூட்டும். 14 நாடுகளில் மனச்சோர்வுள்ள 1,146 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 69 பேர் உடல் தொந்தரவை மட்டுமே சொல்லி டாக்டரிடம் போயிருந்தார்கள்.

எனக்குப் பெரும் கவலை தருவது அந்தப் பொட்டலம்தான். நம் ஊர்க் கடைகளில் விற்கும் கலப்பு மாத்திரைகளில் வலி மருந்தோடு டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டும் சேர்ந்திருப்பதுண்டு. வலி சட்டென்று அடங்கும். ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றுப் புண்ணும் எலும்புத் தேய்மானமும் வரும், சர்க்கரை ஏறும், மனநிலையும் குலையும். இதைப் படித்த கையோடு ஒரேயடியாக நிறுத்திவிடவும் கூடாது. நாள்பட்ட ஸ்டீராய்டைத் திடீரென விட்டால் உடல் நிலைகுலையும். மீதமுள்ள பொட்டலத்தை அப்படியே எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் முறையில் குறையுங்கள்.

அதே நாளில் அவர் எழுதிய மாத்திரையைப் பற்றியும் பேசுங்கள். மனச்சோர்வுக்கான மருந்துகளில் சில, அமிட்ரிப்டிலின் போன்றவை, நரம்பு வலிக்கும் தரப்படுகின்றன. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாகலாம். வாய் உலர்வதையும் தூக்கக் கலக்கத்தையும் கண்டு முதல் வாரத்திலேயே விட்டுவிடாதீர்கள். இதய நோயோ கண்ணில் நீரழுத்தமோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மனநலச் சிகிச்சை என்றதும் யாங்கோனின் யுவாதாஜி மனநல மருத்துவமனையை நினைத்துப் பலர் அஞ்சுகிறார்கள். உங்கள் நிலைக்கு, மோல்மீனில் உங்களைப் பார்க்கும் டாக்டரே சிகிச்சையைத் தொடங்கலாம். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மகனிடம் சொல்லுங்கள். அம்மா நன்றாக இருக்கிறேன் என்று நீங்கள் சொல்வதை அவன் நம்பிக்கொண்டிருப்பான் என்று நான் நினைக்கவில்லை. குரலிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கும். டாக்டரிடம் போய்வந்த அன்று மாலையே பேசி, அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்.