கீழக்கரைப் பக்கம் கல்லூரிப் பட்டறையில் ஃபார்முலா ஸ்டூடன்ட் (மாணவர்களே கட்டி ஓட்டும் பந்தயப் போட்டி) கார் கட்டுகிறோம். துருவைத் தேய்த்த பிறகும் சேஸிஸ் (காரின் குழாய்ச் சட்டகம்) வெல்டில் ஊசித்துளை விழுவது ஏன்?

முதலில் சந்தேகப்பட வேண்டியது கடற்காற்றில் வந்து குழாயில் படியும் உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பற்றவைக்கும்போது அதுவே வாயுவாகிக் குமிழியிடும். சேஸிஸுக்குப் பயன்படும் 4130 எஃகுக் குழாயில் குரோமியம் 1 சதவீதம்தான், துருவைத் தடுக்காது.

துடைத்தால் உப்பு போகாது, கழுவ வேண்டும். போர் தண்ணீர் கரித்தால் கேன் தண்ணீரில் கழுவி, ஹீட் கன்னால் உலர்த்துங்கள். மூட்டிலிருந்து 25 மி.மீ. வரை எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து அசிட்டோனால் துடையுங்கள். அசிட்டோன் முழுதாகக் காய்ந்த பிறகே வெல்டிங்கைத் தொடங்குங்கள். குழாயின் உள்வாயையும் தேய்க்க வேண்டும், பலர் மறப்பது இதைத்தான். மெயின் ஹூப்பில் (ஓட்டுபவரின் தலைக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்பு வளைவு) மட்டும் கிரைண்டர் வேண்டாம். சுவர் மெலிந்தால் ஆய்வில் கார் தேறாது, அதைவிட ஓட்டுபவரின் உயிர் அந்தக் குழாயில் இருக்கிறது.

அடுத்தது கடற்காற்று. டிக் வெல்டிங்குக்கு (டங்ஸ்டன் முனையால் பற்றவைக்கும் முறை) வெல்டைக் காற்றிலிருந்து காக்கும் ஆர்கான் வாயு நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர் போதும். காற்று கலைக்கிறதே என்று கூட்டினால் சுழிப்பு உண்டாகி வெளிக்காற்று உள்ளே வரும். தார்ப்பாய் கட்டி, காற்று எழும்புமுன் காலையிலேயே முடித்துவிடுங்கள்.