கோமுகம்: ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டாம்
நண்பரே, பெசன்ட் நகர் கடற்கரையில் தினமும் 8 கி.மீ. ஓடுகிறேன், இமயமலையின் கங்கோத்ரியிலிருந்து, கங்கை ஊற்றெடுக்கும் பனியாற்றின் முனையான கோமுகம் போய் ஒரே நாளில் திரும்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஒரு வழி மட்டுமே ஏறக்குறைய 18 கி.மீ., அதுவும் 3,000 மீட்டருக்கு மேலே, கடற்கரைக் காற்றில் ஓடிப் பழகிய உடம்பு அங்கே திணறும். கங்கோத்ரியில் ஒரு நாள் முழுக்கத் தங்குங்கள், அப்புறம் 14 கி.மீ. நடந்து வழியில் தங்குமிடமான போஜ்வாசாவில் இரவைக் கழித்து, மறுநாள் விடிந்ததும் கோமுகம். தலைவலியோடு வாந்தியும் வந்தால் தயங்காமல் கீழே இறங்கிவிடுங்கள். பனியாற்றின் வாய்க்கு அருகில் போகவே போகாதீர்கள், பனிப்பாளங்கள் திடீரென்று உடைந்து விழும், போஜ்வாசாவுக்கு முன்னால் வரும் சிர்வாசா தாண்டிய சரிவிலும் கல் உருளும் (நின்று படம் எடுக்கிற இடமில்லை அது). வனத்துறை அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள். சரி, இப்போதைக்கு முதுகில் பையோடு பரங்கிமலைப் படிகளில் ஏறி இறங்கிப் பழகுங்கள்.